தரிசு என்று எழுத மறுத்தவர்

பதினான்கு ஆண்டுகளாக அவர் தற்காலிகப் பணியாளர். இயற்கை வள அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில், செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் விரித்து, குளத்தைக் குளமென்றும் காட்டைக் காடென்றும் கோடு போட்டுப் பிரிப்பது அவருடைய வேலை. தட்டச்சு செய்ய வந்தவர். பக்கத்து மேசைக்காரர் நீண்ட விடுப்பில் போனபோது வரைபடம் போடக் கற்றுக்கொண்டார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'மேப் அக்கா'.

சென்ற கோடையில், ஊருக்கு வடக்கே உள்ள ஆழமில்லாத ஏரியில் கிடங்குகள் கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தது. வரைபடத்தில் ஏரியென்று இருந்தால் கட்ட முடியாது. தரிசென்று இருந்தால் கட்டலாம். துணை இயக்குநர் கொடுத்த கோடைப் படத்தில் வெடித்த மண்ணைத் தவிர ஒன்றுமில்லை.

இந்தத் தொழிலில் எல்லோரும் கோடைப் படத்தையே விரும்புவார்கள். மழைக்காலப் படங்களை மேகம் மூடிவிடும். அந்த வசதிக்காகவே, ஆண்டில் ஐந்து மாதம் மட்டும் நீர் நிற்கும் ஏரிகள் ஒவ்வொன்றாகத் தரிசாகிக்கொண்டிருந்தன. அவரே இரண்டு குளங்களை அப்படிக் குறித்திருக்கிறார். அந்த இரண்டும் இப்போது இல்லை.

மூன்றாவதற்கு அவருக்குக் கை வரவில்லை.

"சார், மழைக்காலப் படம் பார்க்காம இதப் போட முடியாது."

"ஏம்மா, படத்துல தண்ணி இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? இல்லாத தண்ணிய நீ குடத்துல கொண்டுபோய் ஊத்தப்போறியா?"

"லீவுல பள்ளிக்கூடத்தைப் படம் எடுத்தா ஒரு பிள்ளையும் இருக்காது சார். அதுக்காகக் காலி மனைன்னு எழுதிடலாமா?"

துணை இயக்குநரின் முகம் கறுத்தது. "உன் ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியில முடியுது. ஞாபகம் இருக்கட்டும்."

"நல்லாவே இருக்கு சார்."

மாதம் முடிந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஏரியைத் தரிசென்று காட்டும் கோட்டை வேறொருவர் போட்டார்.

நகலகம் நடத்தும் நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டார். "பதினாலு வருஷமா வாயே திறக்கல. திறந்த அன்னைக்கே வேலை போச்சு! ஏன் அண்ணி?"

"அதான், எல்லாத்தையும் சேர்த்துவெச்சு மொத்தமாப் பேசிட்டேன்."

செயற்கைக்கோள் படங்களை யாரும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நாத்தனாரின் கடைக் கணினியில், கூட்டம் இல்லாத மதிய நேரங்களில், அவர் ஆறு ஆண்டுகளின் மழைக்காலங்களைத் தேடினார். எங்கு பார்த்தாலும் மேகம். நான்காம் நாள், இரண்டு மேகங்களுக்கிடையே ஏரி முழுதாகத் தளும்பி நிற்கும் படம் ஒன்று அகப்பட்டது. விடாமல் தேடியதில் ஆண்டுக்கு ஒன்று வீதம் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் நீரின் விளிம்பை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு கைப்பேசியில் இடங்காட்டியை இயக்கிக்கொண்டு, காய்ந்த ஏரியின் கரை முழுவதும் நடந்தார். நத்தை ஓடுகள் வரிசையாகக் கிடந்த எல்லையும் படத்தின் நீர்விளிம்பும் பொருந்தின. நாத்தனார் அதைப் பதினாறு தாள்களில் அச்சிட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஒட்டிக் கொடுத்தார்.

கிடங்கு விண்ணப்பம் குறித்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தின் வாசலில் துணை இயக்குநர் வழிமறித்தார்.

"உனக்குத்தான் இங்க வேலை இல்லையே, எதுக்கு வந்தே?"

"வேலை இல்லாததாலதான் சார் வர நேரம் கிடைச்சுது."

அவர் உள்ளே போய், கோப்புகளை ஒதுக்கிவிட்டு மேசை நிறைய வரைபடத்தை விரித்தார். கூட்டத்தை நடத்திய குழுவின் தலைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அவங்க படமும் உண்மை, உங்க படமும் உண்மைன்னா, நாங்க எதைம்மா நம்பறது?"

"ரெண்டையும் நம்ப வேண்டாம்மா. மழை பெஞ்சதும் வந்து நேர்ல நில்லுங்க. முழங்கால் வரைக்கும் நனையும்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மழைக்கால நேராய்வு முடியும்வரை விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும்படி குழு உத்தரவிட்டது. உத்தரவின் நகல் கைக்கு வரும்வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை, அவர் கேட்கவுமில்லை. மறுநாள் மதியம், நாத்தனாரின் கடைக் கணினியில், அலுவலகப் பட்டியலில் தரிசென்று குறிக்கப்பட்டிருந்த மற்ற நாற்பத்தொரு இடங்களுக்கும் மழைக்காலப் படம் தேட உட்கார்ந்தார்.