ஊதுவத்தியும் ஏசி கேஸும்

போன வாரம் செவிலிமேட்டில் ஒரு வாடகைக் காரில் ஏறினேன். பழைய வண்டி, ஆனால் ஏசி சில்லென்று இருந்தது. டேஷ்போர்டில் பிள்ளையார் முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. அந்த வாசம் பட்டதும் தரணேந்திரன் ஞாபகம் வந்துவிட்டது.

நானும் ஒரு காலத்தில் டிரைவர்தான். பட்டு எடுக்க வருகிறவர்களும் கல்யாண வீடுகளும்தான் என் பிழைப்பு. ஒருமுறை, காலையில் மணப்பெண்ணை ஏற்ற வேண்டும் என்றிருக்க, முதல் நாள் ஏசி படுத்துவிட்டது. குளிருக்காக அந்த வண்டி ஏசியில் ஏற்றும் பழைய ரக கேஸ் கடைகளில் கிடைப்பதே நின்றுபோயிருந்தது. ஏசி இல்லையென்றால் வேறு வண்டி என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். சமையல் கேஸையே ஏற்றித் தருகிறேன், அரை மணி வேலை என்றார் ஒரு மெக்கானிக். எவ்வளவு பெரிய யோசனை என்று வியந்த மேதை நான்!

அதைப் பெருமையாகத் தரணேந்திரனிடமே போய்ச் சொன்னேன். ஓரிக்கைப் பக்கம் ஏசி மெக்கானிக். ஜைன விவசாயக் குடும்பம், என் வயதுக்காரன். அவன் பானெட்டைத் திறக்கவில்லை. டேஷ்போர்டில் கிடந்த ஊதுவத்திச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தான்.

"தெனம் இங்க நெருப்பு வெச்சிக்கினு, சமையல் கேஸ் போடுவியா? கசிஞ்சா பொண்ணோட சேந்து நீயும் காலிபா."

"வேற என்னா வழி?"

"புது வண்டிங்களுக்குப் போடுற கேஸ் இருக்குது, அது பத்திக்காது. ஆனா பழைய ஆயில எடுக்கணும், ஓஸ் பைப்பு, ரப்பர் வளையம் எல்லாம் மாத்தணும். குளிர் கொஞ்சம் கம்மிதான்."

வேலை முடியும்போது இருட்டிவிட்டது. எவ்வளவு கேஸ், என்ன ஆயில் என்று சீட்டெழுதி பானெட்டுக்குள் ஒட்டினான், நாளைக்கு வேறு யாரும் மாற்றி ஊற்றிவிடக் கூடாதாம். அப்போதுதான் அவனுடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடப்பதைப் பார்த்தேன். பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

"காலையில சாப்ட்டுக்கிறேன், போபா. பொண்ணு வேர்க்காம போவட்டும்."

மறுநாள் பெண் ஏறியதும் அவள் அத்தை தட்டு நிறையச் சூடம் ஏற்றி, வண்டியின் மூக்குக்கு நேராகச் சுற்றினார். கேஸ் ஓடும் குழாய்கள் அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன. எனக்குத் தரணேந்திரனைக் கும்பிடத் தோன்றியது.

இன்று அவனும் இல்லை, அந்தப் பட்டறையும் இல்லை.

"ஏசிக்கு என்ன கேஸ்பா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"தெர்லியே சார். கடையில ஏத்துனாங்க."

ஊதுவத்தியை அணைக்கச் சொன்னேன். "சாமிக்குத்தான சார்?" என்றபடி அணைத்தார். எனக்காக ஒருவன் ராத்திரி பட்டினி கிடந்ததை அவரிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?