கோட்டுக்குப் பென்சில், பொட்டுக்குப் பேனா

நம் பள்ளி வேதியியல் லேபின் உதவியாளர் வசந்தா அக்கா இறந்துவிட்டார் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதியது நான்தான். உடனே பதில் வந்தது: "போடீ, இதிலயுமா விளையாட்டு?" என் இத்தனை வருடச் சேட்டைக்குக் கிடைத்த சான்றிதழ் அது. அக்காவின் தம்பி என்னிடம் போனில் சொன்னபோது அருகில் இருந்த நம் வகுப்பு அனீஷ் குரல் பதிவு போட்ட பிறகுதான் எல்லோரும் நம்பினீர்கள்.

அக்கா போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர். மழையில் மண் சரிந்து பஸ் ஓடாத அன்று பாதி மலை நடந்து, ஜீப் பிடித்து, நகரத்துப் பழவங்காடியில் இறங்கி வந்தார். சேலையெல்லாம் சேறு. ஆனால் மணி அடிக்கும்போது ஜாடிகள் வரிசையாக நின்றன. "லீவு போட்டிருக்கலாமே அக்கா" என்றேன். "பிராக்டிகல் உனக்கா, மழைக்கா?" என்று கேட்டார்.

போன வருடம் கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் "நாளை பள்ளி விடுமுறை" என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது நான். மறுநாள் பாதிப் பள்ளி வரவில்லை. எல்லோரும் வந்த பிறகு பைகளைச் சோதித்தபோது கருப்பு ஸ்கெட்ச் பேனா கிடைத்தது அனீஷின் பையில் மட்டும். என்னுடையது சட்டைப் பைக்குள் பத்திரமாக இருந்தது. அறிவியல் கண்காட்சி அணியிலிருந்து அவன் பெயரை அடுத்த நாள் காலை அடித்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொன்னார். மாதக்கணக்காக அதற்கு உழைத்தவன் அவன். அவன் பேசவில்லை, ஒன்றும் தெரியாததால். நானும் பேசவில்லை, எல்லாம் தெரிந்ததால்.

அன்று மதியம் குரோமடோகிராபி, மையை நிறம் நிறமாகப் பிரிக்கும் பிராக்டிகல். கருப்பு என்பது நிறமல்ல, கூட்டணி. தண்ணீர் ஏறினால் உடைந்துவிடும். வடிதாளின் அடியில் ஒரு கோடு, அதன்மேல் ஒரு மைப்பொட்டு, நுனியை மட்டும் நனையவிட வேண்டும். தண்ணீரோடு ஓடும் நிறம் மேலே போகும், தாளைப் பிடித்துக்கொள்ளும் நிறம் கீழே தங்கும். "கோட்டுக்குப் பென்சில், பொட்டுக்குப் பேனா" என்று அக்கா மேஜை மேஜையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பென்சில் கோடு தண்ணீரில் அசையாது.

நான் புத்திசாலி. என் மை காட்டிக்கொடுக்காமலிருக்க, பொட்டுக்குப் பக்கத்து மேஜையிலிருந்த லேப் பேனாவைக் கடன் வாங்கினேன். கோட்டைச் சொந்தப் பேனாவால் போட்டேன்.

"எந்தா மோளே, கோடும் ஏறுதே?"

"பென்சில் ஒடிஞ்சுபோச்சு அக்கா."

மஞ்சள், ரோஜா, நீலம் என்று தாளின் அகலம் முழுக்க என் கோடு ஏறிக்கொண்டிருந்தது. அக்கா அதை ஜன்னலோரம் கொண்டுபோனார். அங்கே இரண்டு தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று, அந்த அறிவிப்பிலிருந்து வெட்டிய எழுத்து. மற்றது அனீஷின் பேனா. அதில் மஞ்சளே இல்லை. அறிவிப்பும் என் கோடும் இரட்டைப் பிள்ளைகள்.

"அவன் பேனா வேறேன்னு எச்.எம். டீச்சர்கிட்ட பறஞ்சேன். அப்போ யாரோடதுன்னு கேட்டாங்க."

"அக்கா, பறயாதீங்க, பிளீஸ்."

"இது ராத்திரி பூரா காஞ்சு உணங்கட்டும். காலையில பெல்லுக்கு முன்னாடி நீயே போய்ச் சொன்னா, இது வெறும் பேப்பர்."

"சொல்லலைன்னா?"

"நான் எடுத்துக்கிட்டு நடப்பேன். நடக்கிறது எனக்குப் புதுசா?"

புதுசில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் பெல்லுக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்ச் சொன்னேன். மூன்று நாள் சஸ்பென்ஷன். அனீஷ் அணியில் நின்றான். என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அதுதான் பெரிய தண்டனை. திரும்பி வந்த அன்று அக்கா அந்தத் தாளை என் கையில் வைத்தார். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தார்: "வெறும் பேப்பர்." அக்கா அதை யாரிடமும் காட்டவில்லை. இன்றுவரை உங்களில் பலருக்கு இந்தத் தாளைப் பற்றித் தெரியாது.

அந்தத் தாள் என் ரெக்கார்டு நோட்டுக்குள் இருக்கிறது. அக்காவின் பிடிவாதத்தில் கொஞ்சம் என்னிடமும் ஒட்டியிருக்க வேண்டும். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு அதே பிராக்டிகல். நாள் தள்ளிவைக்கலாம் என்றார்கள் டீச்சர்கள், நானும் அனீஷும் வேண்டாம் என்றோம். ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டோம். மேஜைக்கு இரண்டு பென்சில், சீவி வைத்தாயிற்று. ஒடிஞ்சுபோச்சு என்று யாரும் சொல்ல முடியாது.