முன்யோசனையும் இரண்டு மேளமும்

எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஊரில் பல வார்த்தைகள் இருந்தன. தாலுகா ஆபீஸில் அவரோடு வேலை பார்த்தவர்கள் தொலைநோக்கு உள்ளவர் என்றார்கள். கூடுதல் வேலையைத் தலையில் கட்டும்போது மட்டும் அப்படிச் சொல்வார்கள். பக்கத்து வீட்டில் 'ரொம்ப விவரம்' என்பார்கள். எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் அதற்குப் பொருள் கொள்ள வேண்டும். அம்மா 'முன்பயம்' என்றாள். அப்பா தனக்குத்தானே வைத்துக்கொண்ட வார்த்தை முன்யோசனை.

பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் முன்யோசனை, முன்னெச்சரிக்கை, தீர்க்கதரிசனம் ஆகிய மூன்றையும் வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார். மூன்றுக்கும் நான் அப்பாவையே எழுதினேன். சங்கரன்கோவிலில் சித்திரை மாதத்தில் மழை வரும் என்று குடையோடு பஸ் ஏறுவது முன்யோசனை. அந்தக் குடை தொலைந்துவிடும் என்று கயிறு கட்டிக் கைப்பையோடு முடிச்சுப் போடுவது முன்னெச்சரிக்கை. எப்படியும் பையோடு சேர்ந்து தொலையும் என்று அவருக்குத் தெரிந்திருப்பது தீர்க்கதரிசனம். டீச்சர் மூன்றாவதை மட்டும் அடித்துவிட்டார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது எண்பதுகளின் தொடக்கத்தில். மாப்பிள்ளை வீடு திருவேங்கடம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சித்தப்பா மகளின் கல்யாணத்தில் மேளக்காரர்கள் வந்த பஸ் வழியில் நின்றுபோய், தாலி கட்டும் நேரத்துக்கு மேளம் வந்து சேரவில்லை. ஐயர் கெட்டிமேளம் என்று கை காட்டியதும், ஒலிபெருக்கிக்காரர் பதறிப்போய் அகப்பட்ட ரிக்கார்டைப் போட்டார். அது ஒரு சோகப் பாட்டு. அழுகையும் தேம்பலுமாக அந்தப் பாட்டு முழுவதும் ஓடித்தான் நின்றது. சித்தப்பா மகள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அப்பா அன்று பந்தியில் சரியாகச் சாப்பிடவில்லை.

என் கல்யாணத்துக்கு அவர் சிவகிரியிலிருந்து ஒரு மேளம் பேசினார். இது எல்லோருக்கும் தெரியும். வாசுதேவநல்லூரிலிருந்து இன்னொரு மேளமும் பேசினார். இது அவருக்கு மட்டும் தெரியும். சிவகிரிக்காரர்கள் வந்துவிட்டால் இவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், வராவிட்டால் வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மண்டபத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது வாசுதேவநல்லூர் மேளம்தான். அவர்கள் ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சிவகிரி மேளம் உள்ளே வந்தது. இரண்டு நாயனக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதன் பிறகு பார்க்கவில்லை. சிவகிரிக்காரரின் தங்கையைத்தான் வாசுதேவநல்லூர்க்காரர் கட்டியிருந்தார். ஏதோ வீட்டு விசேஷத்தில் மரியாதைக் குறைவாகிப் போய், மச்சினனும் மச்சானும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அப்பா எத்தனையோ யோசித்தவர், இதை யோசிக்கவில்லை.

மணப்பெண் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. எனக்குத் தலையில் பூத்தைத்துக்கொண்டிருந்தார்கள், திரும்பிப் பார்க்க முடியாது. காதால்தான் கேட்டேன். சிவகிரிக்காரர் சத்தம் போடவில்லை.

"அண்ணாச்சி, நான் வரமாட்டேன்னு நெனச்சுத்தான அவரைக் கூப்பிட்டிய?"

"வரமாட்டியன்னு நெனைக்கல. வர முடியாமப் போச்சுன்னா என்ன செய்யன்னு நெனச்சேன்" என்றார் அப்பா.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

வித்தியாசம் இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். அதைச் சொல்ல வார்த்தை அகப்படவில்லை. நாயனத்தை உறையிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சிவகிரிக்காரர் யாரையோ விசாரித்தார். என் தலைக்குள் அந்தச் சோகப் பாட்டு ஓட ஆரம்பித்தது.

அப்போது அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். இரண்டாவது மேளம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும்.

"உங்க மேல ஒரு சந்தேகமும் இல்ல, அண்ணாச்சி. இவுக சுபாவம் அது. பொண்ணுக்கு ரெண்டு அம்மா கிடைக்கும்னா, கல்யாணத்துக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லிருப்பாக."

யாரும் சிரிக்கவில்லை. நாயன உறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. வாசுதேவநல்லூர்க்காரர் எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல், அவரே வாசிக்கட்டும், எங்களுக்குக் கேட்க ஆசைதான் என்று பொதுவாகச் சொன்னாராம். அவரும் அவருடைய ஆட்களும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். சிவகிரிக்காரர் அன்றைக்கு வழக்கத்தைவிட நீளமாக வாசித்தார். மாப்பிள்ளை ஊர்வலம் அதனால் தாமதமானது.

மறுநாள் முகூர்த்தத்தில் ஐயர் கெட்டிமேளம் என்று குரல் கொடுத்தார். சிவகிரித் தவில் முழங்கியது. அதே நொடியில் எதிரிலிருந்தும் முழங்கியது. வாசுதேவநல்லூர்த் தவில்காரருக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை தானாக ஓடிவிட்டது. அவரை விட்டுவிடக் கூடாது என்று அவர்களுடைய நாயனமும் சேர்ந்துகொண்டது. சத்தத்தில் என் கணவர் திடுக்கிட்டு, போட வேண்டிய முடிச்சை நழுவவிட்டு மறுபடி போட்டார். எனக்கு அழுகை வர வேண்டிய நேரம் அது. காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பந்தியில் இடம் இல்லாமல் மச்சினனும் மச்சானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வேண்டியதாயிற்று. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் சிவகிரிக்காரர் முதலில் பேசியது, சாம்பாரில் உப்பு குறைவு என்பது. மற்றவர் ஆமாம் என்றார். அடுத்து, தங்கச்சி எப்படி இருக்கா என்று கேட்டிருக்கிறார். சாப்பாடு முடிந்து இருவரும் ஒன்றாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் இரண்டு மேளமும் பேசினேன் என்று அன்று மாலையே அப்பா சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பெயர் பின்யோசனை என்றாள் அம்மா.

திருவேங்கடத்தில் என்னைப் பெரிய இடத்துப் பெண் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டு மேளம் வைப்பதுதான் வழக்கம் போலும் என்று மாமியார் தெருவில் சொல்லிவைத்திருந்தார். நானாக அதை மறுக்கவில்லை.

மறுவீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நடந்து முடிந்ததைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. என்றும் நடக்கப்போவதைப் பற்றித்தான் கவலைப்படுவார்.

"ஏட்டி, ரெண்டு மேளம் பேசுனது தப்பா?"

"இல்லப்பா. நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் தலையாட்டினார். நம்பியது மாதிரித்தான் இருந்தது. உள்ளே இருந்த அம்மா, தம்பி கல்யாணத்துக்கு ஒரு மேளம் போதும் என்று இப்போதே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். தம்பி அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.