பிரபாவதியக்காவின் அன்னாசி

ஒரு கார் வேகம் குறைத்தால் போதும், பிரபாவதியக்காவின் கத்தி நின்றுவிடுகிறது. பாதி சீவிய அன்னாசியைப் பிடித்தபடி, இறங்குகிறவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்க்கிறார். பத்தடி தள்ளி இளநீர் விற்கும் திருவேங்கடத்திடம் அவர்கள் போனால், "போ, அங்கியே போய் வுழு" என்று முனகிவிட்டு, அன்னாசியின் கண்களை இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார்.

திருவிடந்தை பேருந்து நிறுத்தத்தில் இது தினசரிக் காட்சி. வெட்டிய துண்டுகளை உப்புத் தண்ணீரில் முக்கி, மிளகாய்த்தூள் தூவி, ஈ அண்டாத கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார். சாயங்காலம் மிஞ்சினால் ஆட்டுக்குப் போகுமே தவிர மறுநாளுக்கு வைக்கமாட்டார். எனக்கு இளநீர் குடிக்கத் தோன்றினால் அடுத்த ஊரில்தான் குடிக்கிறேன். உயிர் முக்கியம்.

அவருடைய பொறாமைக்கு வியாபாரம் மட்டும் காரணமில்லை.

"நாக்கு அரிக்குமா, சக்கர கீறவன் துன்லாமா, வெறும் வயித்துல துன்லாமான்னு என்னைத்தான் நிக்க வெச்சி கேக்கறாங்க. அவன எவனாவது கேக்கறானா? பஸ்ல குந்திகினே ஒரு வெரல காட்டினா போதும், ஒரு காய் போயிடுது. ஆஸ்பத்திரிக்குப் போறவன்கூட அவன்கிட்டதான் வாங்கினு போறான். வயிறு எரியாம இன்னா செய்யும்?"

ஆனாலும் கேட்டவரைச் சும்மா அனுப்பமாட்டார். "காய்வெட்டா கீறத துன்னாதான் நாக்கு ரொம்பப் புண்ணாவும். பழுத்தத துன்னு, வாயக் கொப்பளி. சக்கரையா? ரெண்டு துண்டோட நிறுத்து." மாசமாக இருக்கும் பெண்கள் தயங்கினால் குரல் ஏறும். "பழுத்ததா அளவா துன்னா ஒண்ணும் ஆவாது. செங்கல்பட்டு டாக்டரம்மாவ நானே கேட்டுகினு வந்தேன்."

கேட்டு வந்தது மருமகள் பூங்கொடிக்காக. அவளுக்கு ஐந்து மாதம். மதியச் சாப்பாடு கொண்டுவருவாள்; அன்னாசியை மட்டும் தொடமாட்டாள். அவள் அம்மா போனிலேயே தடை போட்டிருக்கிறார். திருவேங்கடமோ அவளைக் கண்டதும் வழுக்கையாக ஒரு காயைச் சீவி நீட்டுகிறார், காசும் வாங்குவதில்லை. "எங்க இளநி குடிச்சி வளர்ற புள்ளக்கா இது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியும்விட்டார். அன்றைக்குப் பிரபாவதியக்கா தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

"எம் பேரப்புள்ள அவன் இளநில வளருதாம். என் கையால ஒரு துண்டு எறங்கல, பாத்தியா" என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

போன வாரம் பூங்கொடி தூக்குவாளியை வைத்துவிட்டுத் தானாகவே கேட்டாள். "அத்த, ஒரு துண்டு குடு. வாசன ஆள இழுக்குது."

"இன்னாது, அன்னாசியா?" பத்தடி தள்ளியும் கேட்கிற குரலில் கேட்டார் பிரபாவதியக்கா. தள்ளுவண்டிக்கு அடியிலிருந்து நன்றாகப் பழுத்த ஒன்றை எடுத்து முகர்ந்தார். ஒரு கண் விடாமல் எடுத்தார், நடுத்தண்டை நீக்கினார், உப்புத் தண்ணீரில் முக்கினார். மிளகாய்த்தூள் போடவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு களையை நான் பார்த்ததில்லை.

பூங்கொடி கையை நீட்டினாள். துண்டு பாதி வழியில் நின்றது. பிரபாவதியக்கா துண்டைப் பார்த்தார், மருமகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமலேயே, திருவேங்கடத்துக்கு ஒரு விரலைக் காட்டினார்.