பாப்பா யாரைப் பார்த்து நடந்தது?

எங்கள் அக்காவுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்ப்பாள், செய்வாள், அவ்வளவுதான். ஓர் இஸ்திரிக் கடையை ஒரு வாரம் முறைத்துக்கொண்டு நின்றாள். எட்டாம் நாள் பக்கத்திலேயே சொந்தக் கடை போட்டாள். விமானத்தை நாலு தரம் அண்ணாந்து பார்த்திருந்தால் அதையும் ஓட்டியிருப்பாள். தெருவில் அவளுக்குப் பெயரே கேமரா.

கேமராவுக்குப் பிறந்ததும் கேமராதான். பேச்சு வருவதற்கு முன்பே பாப்பா, வாசலில் பஞ்சர் ஒட்டுகிறவரைப் போல இருமும்; என்னைப் போலத் தலை சொறியும். விழுந்து விழுந்து சிரித்தோம், அது நடக்கத் தொடங்கும்வரை.

இடது காலை இழுத்து இழுத்து நடந்தது. ஒரு கை இடுப்பில். சமையலறைக்குள் நுழையும்போது கதவு நிலை இடித்துவிடும் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டது. நிலையோ அதற்கு ஆகாயத்தில் இருந்தது.

டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். “காலுக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்ல யாரையோ பார்த்து நடக்குது.”

அக்கா மாமாவைப் பார்த்தாள்.

“என்னை எதுக்குப் பாக்கற? நான் ஆணி அடிச்ச மாதிரி நேரா நடக்கறவன். உன் தம்பிதான் கோணல்.”

“புத்திதான் மாமா கோணல். காலு நேராத்தான் இருக்கு.”

அக்கா சிரிக்கவில்லை. “அப்ப பகல்ல என் பிள்ளைகூட யாருடா நடக்கறாங்க?”

கடையைச் சாத்திவிட்டு இரண்டு நாள் சமையலறையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். பாப்பா இரண்டு அடி வைக்கும், நிற்கும். முன்னால் யாரோ மெதுவாகப் போவதால் காத்திருப்பதுபோல நிற்கும். பிறகு இரண்டு அடி.

மூன்றாம் நாள் மூட்டை கட்டினாள். மூன்று தெரு தள்ளி வேறு வீடு பார்த்தாயிற்று.

மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பாப்பா, விரலை நாக்கில் தொட்டு ஒரு தகர டப்பாவின் அடியில் ஒற்றியது. “ஸ்ஸ்” என்றது. உடனே விரலைக் காது மடலில் வைத்துக்கொண்டது.

“அக்கா, இஸ்திரிப் பெட்டில நீ சூடு பாக்கற மாதிரியே பண்ணுது பாரு,” என்றேன்.

அக்காவின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. நெருப்புக்குப் பயந்து பாப்பாவை அவள் ஒருநாளும் கடைக்குக் கொண்டுபோனதில்லை. வீட்டில் இஸ்திரிப் பெட்டியும் கிடையாது.

“இதையும் அவங்களைப் பார்த்துதான் கத்துக்கிட்டிருக்கு. கடைக்கும் வந்து என்னைப் பார்த்துட்டு இருந்திருக்காங்கடா,” என்றாள் மெதுவாக.

பிறகு கட்டிய மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

“ஏய், அப்ப வீடு?” என்றார் மாமா.

“எங்க போனாலும் பின்னாலயேதான் வரப்போறாங்க. அந்தக் காலை வச்சுக்கிட்டு அவங்களும்தான் எவ்வளவு தூரம் நடப்பாங்க.”