தகட்டுக்குப் போட்ட பதில்

எழுபதுகளின் கடைசியில் முதல் பிள்ளையைப் பெற்றுத் தாய்வீட்டில் இருந்தேன். உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கடற்கரையில் அதற்கு ஒரே வைத்தியம்தான், ஆமை ரத்தம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அண்ணன் தன் வலையில் பட்ட பேராமையை மல்லாக்கப் போட்டு அறுத்தான். உறைவதற்குள் குடிக்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் குடித்தேன்.

அப்புறம்தான் ஆமையின் முன்துடுப்பில் பாசி மூடிக் கிடந்த சின்னத் தகட்டை அண்ணன் பார்த்தான். கப்பல் ஏஜென்சி ஆபீசில் டைப் அடிக்கிறவள் என்பதால் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விலங்குகளைக் காக்கும் ஏதோ வெளிநாட்டுச் சங்கத்தின் முகவரியும், ஒரு எண்ணும், கண்டெடுத்தால் எழுதும்படி ஒரு வரியும் இருந்தன.

“அறுத்துட்டோம்னே எழுதுளா. உள்ளத எழுது,” என்றான் அண்ணன்.

எனக்கு மனம் வரவில்லை. ஆமையைப் பிடிக்கக் கூடாதென்று சட்டம் வந்திருந்த பயம் பாதி. மீதி வெறும் வீம்பு. எங்கேயோ இருக்கும் வெள்ளைக்காரர்கள் என்னை ரத்தம் குடிக்கிறவளாக நினைத்துவிடக் கூடாது. வலையில் சிக்கியது, நல்ல நிலையில் இருந்தது, தகட்டை மட்டும் கழற்றிக்கொண்டு கடலில் விட்டுவிட்டோம் என்று, லீவு முடிந்து வேலைக்குப் போனதும் ஆபீஸ் மெஷினில் பிழையில்லாமல் அடித்து அனுப்பினேன். அண்ணனிடம் உள்ளதை எழுதியதாகச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கூடவே ஒரு போட்டோ. ஏதோ ஒரு தீவில் மணலைத் தோண்டி முட்டையிட்டுக்கொண்டிருந்தது அதே ஆமை. முட்டையிட வரும் ஆமைகளுக்குத் தகடு மாட்டி விடுவார்களாம். யாராவது எழுதினால்தான் அவை எங்கே போகின்றன, எங்கே சாகின்றன என்று தெரியுமாம். பெரும்பாலும் செத்த செய்திதான் வருமாம். அதற்காக யாரையும் குறை சொல்வதில்லை, எந்தக் கடலுக்குக் காவல் வேண்டும் என்று அரசாங்கங்களிடம் கேட்பதே அந்தச் செய்திகளை வைத்துத்தான் என்று எழுதியிருந்தார்கள். உங்கள் கரையை ஆமைகளுக்குப் பயமில்லாத கரையாகக் குறித்துக்கொண்டோம், நன்றி என்று முடித்திருந்தார்கள்.

வாராவாரம் ஆமை அறுபடும் கரை இது. உண்மையைச் சொல்ல அண்ணன் தயாராகத்தான் இருந்தான். எழுதியது நான்.

என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அண்ணன் கேட்டான். நன்றி சொல்லியிருப்பதாகச் சொன்னேன்.

“அறுத்தோம்னு தெரிஞ்சுமா நன்றி சொல்லுதாவ?”

ஆமாம் என்றேன். அவன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இனிமே வலையில பட்டா விட்டுருவேன்,” என்றான். சொன்னபடியே செய்தான். போட்டோவை மாதா படத்துக்குக் கீழே ஒட்டியும் வைத்தான். என் பொய்யை நம்பித் திருந்திய ஒரே ஆள் அவன்தான், அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

திருத்தி எழுதலாம் என்று எத்தனையோ முறை மெஷினில் தாளைச் சொருகினேன். தேதியைத் தாண்டவில்லை. அதற்குள் எனக்கு உடம்பு தேறிவிட்டது. ஆபீசில் எல்லோரும் என் முகத்தில் நல்ல ரத்தம் ஊறியிருப்பதாகச் சொன்னார்கள்.