டிராகன் நின்ற நிலம்

பத்து வயதில் என் தீர்ப்பை எதிர்த்துப் பேச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. ஊர் என்றால் கொல்லிமலையில் ஏழெட்டு வீடு. வழக்கு என்றால் கார்டு விளையாட்டு. மிளகு ஏற்றிக்கொண்டு சேலம் போன மாமா, திரும்பும்போது ஒரு பெட்டி கார்டு வாங்கி வந்து எனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். நிலம், மிருகம், மந்திரம் என்று மூன்று வகை. ஒவ்வொன்றிலும் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி இருக்கும். கூட வந்த விதிப் புத்தகத்தில் மாமா வழியிலேயே பஜ்ஜி எண்ணெயை ஒற்றி எறிந்துவிட்டார்.

நான் மலைக்குக் கீழே ஹாஸ்டலில் தங்கி இங்கிலீஷ் மீடியம் படித்தேன். லீவுக்கு மேலே வந்தால் அந்த இரண்டு வரியை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாசித்ததோடு விட்டேனா? அந்த வரிகள் சொல்லாமல் விட்டதையும் நானே சொன்னேன். தூங்குகிற மிருகம் அடிவாங்கினால் விழித்துக்கொள்ளுமா என்று கார்டில் இல்லை. என்னுடையது விழித்துக்கொள்ளும், அண்ணனுடையது விழிக்காது. இதைக் கண் இமைக்காமல் சொல்வேன்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், மலைப் பள்ளிக்கூடத்தில் படித்தான். அவன் பங்கில் ஒரு டிராகன் வந்திருந்தது. சாய்த்துப் பிடித்தால் பொன்னாக மின்னும். அதைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். எங்கள் ஆட்டத்தில் ஜெயித்த கார்டு ஜெயித்தவருக்கே சொந்தம். ஆட்டம் முடிந்தாலும் திருப்பித் தருவதில்லை. எனக்கு அந்த டிராகன் வேண்டும். அந்த லீவில் வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

அன்று பெரியம்மா சாக்கும் அரிவாளுமாக அண்ணனைக் கூட்டிக்கொண்டு பலாக்காய் வெட்ட வந்திருந்தார். மரம் எங்கள் வீட்டுக்குப் பின்னால், எங்கள் காட்டில்தான் நிற்கிறது. தாத்தா பாகம் பிரித்தபோது அந்த மண்ணை அப்பாவுக்கும், அதில் நிற்கிற மரத்தைப் பெரியப்பாவுக்கும் கொடுத்தார். மண் ஒருவருக்கு, மரம் இன்னொருவருக்கு என்பது எங்கள் மலையில் யாருக்கும் அதிசயமில்லை. பெரியப்பா இறந்துபோன பிறகும் வருடா வருடம் பெரியம்மா வந்து வெட்டிக்கொண்டு போவார். சந்தையில் அதை விற்றுத்தான் அண்ணனுக்கு நோட்டும் யூனிஃபார்மும் வாங்குவார். இதெல்லாம் எனக்கும் தெரியும், ஆனால் மழை வரும் என்று தெரிவது மாதிரிதான் தெரியும்.

அம்மா கொடுத்த டீயைப் பெரியம்மா வாசலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நானும் அண்ணனும் பாயில் கார்டைப் பரப்பியிருந்தோம். அவன் ஒரு நிலத்தை வைத்து, அதன்மேல் டிராகனை நிறுத்தினான். நான் காத்திருந்த நேரம். என் மந்திரக் கார்டை இறக்கினேன். எதிராளியின் நிலம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. நிலத்தின்மேல் நிற்கிற மிருகம் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் நிலத்தையும் டிராகனையும் சேர்த்து இழுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மண்ணு போனா மேல நிக்கறதும் போயிருமா? உங்க ஊட்டுக்குப் பின்னால பலா மரம் உங்க மண்ணுலதான நிக்குது? காய் நாங்கதான வெட்டறோம்?"

நல்ல வாதம். இன்றைக்கு நான் நடுவராக இருந்தால் அவன் பக்கம்தான் சொல்வேன். வளர்ந்த பிறகு இன்டர்நெட்டில் தேடியும் பார்த்தேன். நிலம் கைமாறினால் மிருகம் சொந்தக்காரர் கைக்கே திரும்பிவிடுமாம். அன்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. பள்ளிப் பேச்சுப் போட்டிக் குரலில் சொன்னேன்: "அது மலை வழக்கம். இது இங்கிலீஷ்ல எழுதினது. மண்ணு யாருதோ, அது மேல நிக்கறது பூரா அவங்களுதுதான்!"

அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கேட்டீங்களா அண்ணி? படிச்ச புள்ள சொல்லுது. பத்திரத்துலயும் மண்ணுதான் எழுதியிருக்குது. மரத்தைப் பத்தி ஒரு வரி இல்லீங்க."

"மாமனாரு வாயால சொன்னதுங்க தம்பி."

"சொன்னவரும் இல்ல, கேட்டவரும் இல்ல. என்ன பண்றதுங்க?"

அம்மா, "ஏனுங்க, சும்மா இருங்க" என்றாள். அப்பா சும்மாதான் இருந்தார். சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவர்கள் பேச்சில் அப்பா என் வார்த்தையை எடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

பெரியம்மா பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தார். சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எந்திரி சாமி, போலாம்" என்றார். அண்ணன் என்னிடம் மல்லுக்கு நிற்கவில்லை. டிராகனை என் பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்தான். அம்மா வாசல் முனை வரை பின்னாலேயே போய், காய் வெட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கெஞ்சினாள். அவர்கள் நிற்கவில்லை.

ஜெயித்தவள் கொஞ்சம் பெருந்தன்மையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ரோட்டில் இறங்கிப் போகிறவர்களைப் பார்த்து, "அடுத்த லீவுக்கு வாண்ணா, ஜெயிச்சு வாங்கிக்க!" என்று கத்தினேன். அண்ணன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பெரியம்மா அவன் தோளைப் பிடித்து முன்னால் நடத்திக்கொண்டு போனார். ஒரு கார்டு போனதற்கா பெரியம்மாவுக்கு இவ்வளவு கோபம் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.